வாசலில் வண்டி நிற்காத தெரு

1

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து தம்பி கூப்பிட்டான். அவனுக்கு அங்கே கடைவீதியில் பாத்திரக்கடை. எடுத்த எடுப்பிலேயே ஒரே புலம்பல்.

"அக்கா, எங்க வீதியில இனிமே வண்டி வாகனமே விட மாட்டாங்களாம். சனங்க நடக்கிறதுக்கு மட்டுந்தானாம். அப்படித்தான் பேச்சு அடிபடுது. அண்டா வாங்குறவன் தலையிலயா தூக்கிட்டுப் போவான்? உங்க ஊர்லயும் இப்படிப் பண்ணுனாங்கல்ல, யாவாரம் படுத்துருச்சா?"

"படுக்கலடா," என்றேன்.

"வேற என்னதான் ஆச்சு?"

அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அடுப்பில் பால் என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மலேசியாவின் ஜொகூர் பாருவில் எங்கள் பூக்கடை இருக்கும் தெருவை வண்டிகளுக்கு மூடி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. என்ன ஆச்சு என்பதைப் போனில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது. தம்பி, நீயும் படி. உன் வீதிக்காரர்களுக்கும் வாசித்துக் காட்டு.

2

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னை அசரவைத்தது உயரமான கட்டடமோ கடலோ இல்லை. இங்கே யாரும் நடப்பதில்லை என்பதுதான். மூன்று கடை தள்ளி ரொட்டி வாங்கப் போனாலும் காடி. ஆமாம், இங்கே காருக்குக் காடி என்றுதான் பெயர். ஒருநாள் தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே கிளம்பினேன். பக்கத்து வீட்டம்மா வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். "என்னா நடந்து போறீங்க? காடி கெட்டுப் போச்சா? வீட்ல சண்டையா?" என்று கேட்டார். நடந்து போனால் ஒன்று வண்டி கெட்டிருக்க வேண்டும், இல்லை குடும்பம் கெட்டிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

திண்டுக்கல்லில் சாயங்காலமானால் கடைவீதியில் தோளோடு தோள் இடிக்கும். வண்டிக்காரன்தான் மணியடித்துக் கெஞ்சி வழி கேட்க வேண்டும். பெண் பார்க்க வந்தபோது என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தைக் கடக்கத் தெரியாமல் ஒரு ஓரத்தில் மாட்டிக்கொண்டார். காய்க்காரம்மா ஒருவர் கையைப் பிடித்து இழுத்துவந்து அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, "ஒங்க வீட்டு விருந்தாளியா? பச்சப்புள்ளையா இருக்காரே," என்று சொல்லிப் போனதை என் அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் பச்சப்புள்ளை, அதாவது என் கணவர் குணா, இந்தத் தெருவில் ராஜா. தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம். அவர் அப்பா வைத்த பூக்கடை. விடியும் முன்பே காடியைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்திவிடுவார். எங்கள் தெருவில் முதலாளியின் காடி வாசலில் நின்றால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். காடி இல்லையென்றால் யாரோ செத்துவிட்டார்கள். சீனரானாலும் மலாய்க்காரரானாலும் தமிழரானாலும் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் தெருவே ஒரு சாதி.

கடை முகப்புக்கு ஐந்தடி நடைபாதை என்று ஒன்று உண்டு. கூரைக்குக் கீழே, கடைக்குக் கடை ஒட்டி ஓடும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஒரு கடைக்காரர் தன் பங்கை ஒரு படி உயர்த்தியிருப்பார், அடுத்தவர் இரண்டு படி தாழ்த்தியிருப்பார். நடுவில் மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை, எங்கள் பூ வாளிகள். அதை ஒட்டி ஒரு சாக்கடை, அதைத் தாண்டினால் வரிசையாகக் காடிகள், அவற்றை மறித்து இன்னொரு வரிசைக் காடிகள். நடக்க விரும்புகிறவன் சர்க்கஸ் படித்திருக்க வேண்டும்.

3

மூன்று வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இங்கே சர்க்கரை நோயை இனிப்பு நீர் என்பார்கள். எவ்வளவு அழகான பெயர், எப்படிப்பட்ட பாவி. கட்டைவிரலில் ஒரு கொப்புளமாக வந்தது, காலையே கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனது. செயற்கைக் கால் போட்டுப் பார்த்தார், புண் ஆற மறுத்தது. சக்கர நாற்காலிதான் என்று ஆனது.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறியதும் ஒருநாள் நானே காடி ஓட்டி அவரைக் கடைக்கு அழைத்துவந்தேன். வாசலில் நிறுத்தினேனோ இல்லையோ, தெருவே ஓடி வந்தது. பக்கத்துக் கடை ஹெங் அங்கிள், பிஸ்கட் வியாபாரி, எழுபது வயதிருக்கும், அவர்தான் முதலில் வந்து கை கொடுத்தார். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் ஒருவர். "மெல்ல, மெல்ல! கால பாத்து லா!" இங்கே பேச்சு முடிவில் ஒரு லா ஒட்டிக்கொள்ளும். பின்னால் மாட்டிக்கொண்ட லாரிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான். சாக்கடையைத் தாண்டி, படியேற்றி, அப்படியே அலாக்காகத் தூக்கிக் கடைக்குள் வைத்தார்கள். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. எத்தனை அன்பான சனங்கள் என்று எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கமே வரவில்லை.

இன்றைக்கு முதுகு வலி. நாளைக்கு மழை. அப்புறம் டாக்டர் சந்திப்பு. நான் விடவில்லை. தினமும் காலையில் எங்கள் வாசல் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், சிமெண்ட் ஊற்றிய ஒரு பெயிண்ட் டின்னும் வைத்து இடம் பிடித்துவிடுவேன். இங்கே எல்லோரும் செய்வதுதான். என் காடியைக்கூட அங்கே விடாமல் எங்கேயோ தூரத்தில் நிறுத்திவிட்டு வருவேன். அவர் எப்போது மனசு மாறி "போலாம்" என்றாலும் வாசலிலேயே இறக்க வேண்டுமே! அந்த இடத்துக்காக நான் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒரு மெர்சிடிஸ்காரன் டின்னைத் தள்ளிவிட்டு நிறுத்திவிட்டான் என்று அவன் கண்ணாடியில் சாமந்திக் காம்பாலேயே தட்டித் தட்டி எழுப்பி விரட்டியிருக்கிறேன்.

அவரோ வீட்டில் உட்கார்ந்தே போனில் பூவுக்குச் சொல்வார், மலையிலிருந்து வரும் ரோஜா லாரியை விசாரிப்பார், மற்ற நேரம் டிவி. மகள் யாழினிக்குச் சிங்கப்பூரில் வேலை. இருட்டோடு எல்லைப் பாலம் கடந்து போய் இருட்டோடு வருகிறவள். அப்பாவோடு தமிழில் பேச ஆரம்பிப்பாள், மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள், அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். பகலெல்லாம் பூ வியாபாரம், வாய் ஓயாத பேச்சு என்று இருந்த மனுஷன் ஹாலில் அப்படியே அடங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை எடுத்தது டாக்டர். மனுஷனையே யாரோ கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது யாரென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

4

இந்தச் சமயத்தில்தான் மாநகர் மன்றத்திலிருந்து கூட்டத்துக்கு அழைத்தார்கள். தெருவை மூடப்போகிறார்கள். சரக்கு லாரிகள் காலையில் மட்டும் வந்து போகலாம், மற்றபடி மனிதர்கள் நடக்கத்தான் தெரு. திரையில் படம் காட்டினார்கள். மரம், பெஞ்சு, பலூன் பிடித்த குழந்தை.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! மரமும் பலூனும் இருக்கட்டும், என் வாசல் இடம் எங்கே? கையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். என் மலாய் பாசாரில் காய்கறி வாங்கிக் கற்ற மலாய். பள்ளிக்கூடத்து மலாய் இல்லை. ஆத்திரத்தில் மேடையில் இருந்த அதிகாரியைப் பார்த்து, "லூ தாவு தாக்?" என்று ஆரம்பித்தேன். கலெக்டரைப் பார்த்து "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டது மாதிரி. கூட்டமே கொல்லென்று சிரித்தது. ஹெங் அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாக்!" என்று, நம் ஐயையோ மாதிரி, பின்னாலிருந்து ஒரு குரல்.

தலையில் துப்பட்டா கட்டிய அந்த அதிகாரி, என் மகளைவிடப் பத்து வயது கூட இருப்பார், சிரிக்கவில்லை. "தெரியாது அக்கா. சொல்லுங்க," என்றார் மலாயில்.

சொன்னேன். என் கணவருக்கு ஒரு கால் இல்லை, காடி வாசல்வரை வராவிட்டால் அவர் இனி இந்தத் தெருவைப் பார்க்கவே போவதில்லை, அவர் கடையை அவரிடமிருந்தே நீங்கள் பூட்டுகிறீர்கள் என்று கொட்டித் தீர்த்தேன். கடைசியில் மலாய் தீர்ந்துபோய்த் தமிழில் முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டார். சாக்கடையை மூடி, தெருவை ஐந்தடிப் பாதையின் மட்டத்துக்கே உயர்த்தப் போவதாகவும், படிகளெல்லாம் போய்விடும் என்றும், தெரு முனையில் மாற்றுத்திறனாளிகளுக்கு வண்டி நிறுத்த இடம் உண்டு என்றும் பொறுமையாகச் சொன்னார். தெரு முனையில்! முனைக்கும் எங்கள் கடைக்கும் எவ்வளவு தூரம் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று பொருமிக்கொண்டே உட்கார்ந்தேன்.

வீட்டில் யாழினியிடம் சொல்லி அழுதால் அவளும் அந்தக் கட்சி. "அம்மா, சிங்கப்பூர்ல நான் நாள் பூரா நடக்கிறேன். நம்ம ஊர்லதான் நடக்கவே முடியல. நடக்கிறவங்களுக்கு ஓப்பன் பண்ணட்டும் லா." அவளுக்கு நம்ம ஊர் என்றால் ஜொகூர். எனக்கு அந்தச் சொல் இன்னும் திண்டுக்கல்லில்தான் போய் நிற்கிறது. ஒரே வீட்டில் ரெண்டு நம்ம ஊர். என் கோபத்துக்கு ஒரு ஊரிலும் ஆதரவில்லை.

அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

மாதக்கணக்கில் தோண்டினார்கள். புழுதியில் மல்லிகை செம்பருத்தி நிறமானது. ஒரு வழியாக முடித்து, தெருவின் இரு முனையிலும் தூண்களை நட்டு, ஒரு காலைப் பொழுதில் திறந்தார்கள்.

அன்று காலை பார்த்ததை எப்படி எழுதுவது? லாரிகள் போனபின் ஒன்பது மணி வாக்கில் கடையைவிட்டு வெளியே வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தெரு இவ்வளவு அகலமா! இத்தனை வருடமாக இந்த அகலமா எங்கள் வாசலில் ஒளிந்திருந்தது? அடி ஆத்தி, ஒரு தேரே திரும்பலாம். சுவரோடு சுவராக ஒட்டி நின்ற காடித் தகரமெல்லாம் போய், எதிர்ச்சாரிக் கடைகள் முழு உயரத்துக்கு எழுந்து நின்றன. ஹெங் அங்கிள் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து தன் கடை மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலுக்கு மேலே சுண்ணாம்பில் செய்த இரண்டு பறவைகள். "என் அப்பா வாங்கின கட்டடம். நான் பிறந்ததே இங்கதான். இது இருந்ததே தெரியாது," என்றார். கீழேயே பார்த்து நடந்தவர்களுக்கு மேலே என்ன இருக்கும் என்று எப்படித் தெரியும்?

இன்னொரு சாயமும் அன்று வெளுத்தது. வண்டி இல்லாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்று நாங்கள் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தினோம் அல்லவா? வாடிக்கையாளர்கள் வந்தார்கள். கெலாங் பாத்தாவிலிருந்து கல்யாண மாலைக்கு வந்தவர்கள் முனையில் நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். அப்படியானால் இத்தனை நாள் தெருவை அடைத்து நின்ற காடிகள் யாருடையவை? ஹெங் அங்கிளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லாம் எங்களுடையவைதான். கடைக்காரர்களே தங்கள் வாசலை அடைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று அழுதிருக்கிறோம்.

அந்த நேரம் வீட்டிலிருந்து அவர் போன் செய்தார், ரோஜா வந்ததா என்று கேட்க. நான் "ஹலோ" என்றதும் அவர் குரல் பதறியது.

"கடைய அடச்சிட்டியா? என்னா ஆச்சு?"

"திறந்துதாங்க இருக்கு."

"பின்ன ஏன் சத்தமே இல்ல?"

"வண்டி இல்லங்க. இன்னையிலேருந்து மூடிட்டாங்கல்ல."

போனில் டிவி சத்தம் குறைந்தது. அப்புறம், "அது என்னா, டிங் டிங்னு?" என்றார். ஹெங் அங்கிள் கடைக் கதவில் கட்டிய மணி. "அது அங்க எப்பவும் இருந்திச்சா?" இருந்தது. "யாரோ சிரிக்கிறாங்களே, யாரது?" எதிர்க்கடைப் பெண்கள். "போன வெச்சிறாத," என்றார். "கல்லா மேலயே வெச்சிரு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பத்து மணியானால் போன் வரும், நான் அதைக் கல்லாமேல் வைத்துவிட்டு மாலை கட்டுவேன். தம்போயில் டிவியை அணைத்துவிட்டு ஒரு மனுஷன் தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ கோயிலில் நின்று கும்பிட்டிருக்கிறேன். போனிலிருந்து வந்த அந்த அமைதியைப் போல ஒன்று என்னை எங்கும் சிலிர்க்கவைத்ததில்லை.

6

ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "எல்லாம் சரிதாங்க. நம்ம வாசல் எடம்தான் போயிருச்சு. எப்படி காத்தேன் அத. நீங்க வர்ற நேரத்துக்கு இறக்க எடமில்லாமப் பண்ணிட்டாங்க."

"போனதே நல்லதுதான்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

"கோவப்படாதமா. அந்த எடத்துக்குப் பயந்துதான் நான் வரல."

"எடத்துக்கா?"

"அன்னிக்கு என்னைய தூக்குனாங்கல்ல. பின்னாடி லாரிக்காரன் ஹோன் அடிக்கிறான். என்னைய நாலு பேரு அரிசி மூட்ட மாதிரி தூக்குறாங்க. எனக்கு எப்படி இருந்திச்சி தெரியுமா? அந்தத் தெருவுல நான் எப்படி இருந்தவன். இனிமே நான் வந்தாலே நாலு பேரு வேலைய வுட்டுட்டு ஓடி வரணும். வாசல்ல எறங்குனா தூக்கித்தான் ஆவணும். வேற வழி இல்ல."

"ரெண்டு வருஷமா இத சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!" கத்திவிட்டேன். உள்ளேயிருந்து யாழினி எட்டிப் பார்த்தாள்.

"நீ டின்ன வெச்சி சண்ட போட்டு எடம் புடிச்சேன்னு டெய்லி வந்து சொல்லுவ. அவ்ளோ சந்தோசமா சொல்லுவ. எப்படிமா சொல்றது?"

தட்டோடு எழுந்துபோய்க் கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன். இத்தனை நாள் அவரை வீட்டில் அடைத்துவைத்தது யார் என்று தேடிக்கொண்டிருந்தேனே. பிளாஸ்டிக் நாற்காலியும் டின்னுமாகத் தினமும் காலையில் அதைச் செய்துகொண்டிருந்தவள் நான்தான். பாசத்துக்குக் கண் இல்லை என்பார்கள், சில நேரம் அதற்குக் காதும் இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினால் அவர் பின்னாலேயே வந்து நிற்கிறார். நாற்காலியில்தான், ஆனால் எனக்கு நிற்பதாகத்தான் பட்டது.

"நாளைக்குப் போலாமா?" என்றார்.

7

ஞாயிற்றுக்கிழமை தெரு முனையில் யாழினி காடியை நிறுத்தினாள். அவர் தானே நகர்ந்து நாற்காலிக்கு மாறினார். நான் பழக்கத்தில் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன்.

"கைய எடு," என்றார்.

எடுத்துவிட்டேன். சக்கரத்தைத் தானே தள்ளினார். ஒரு தள்ளு, இரண்டு தள்ளு. வழவழவென்று போனது. ஒரு மேடில்லை, பள்ளமில்லை. அவர் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தது. சுண்ணாம்புப் பறவைகளைப் பார்த்தார், புதிய மரக்கன்றுகளைப் பார்த்தார், பெஞ்சில் மூக்குக் கண்ணாடியோடு சீனப் பத்திரிகை படிக்கும் கிழவரைப் பார்த்தார். "இது நம்ம தெருவா? நெசமாவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். யாழினி என் பக்கம் நெருங்கி வந்தாள். என் கையைக் கோத்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து வருடக்கணக்காகிறது.

எங்களைப் பார்த்துவிட்டு ஹெங் அங்கிள் பழக்கதோஷத்தில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல், "குணா!" என்று மட்டும் சொன்னார். இவர் ஒரு கையைத் தூக்கி, "அங்கிள், சாப்டாச்சா?" என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி.

நான் முன்னால் ஓடிக் கடைக்குள் போய்த் தட்டில் ஆரத்தி கரைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இத்தனை நாள் கழித்து வருகிற மனுஷன், திருஷ்டி கழிக்க வேண்டாமா? கடைப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர் வாசல்வரை வந்தார். கடையைப் பார்த்தார். தொங்கும் மாலைகளைப் பார்த்தார். வாளியில் விரல் விட்டு ஒரு ரோஜாவின் காம்பை நசுக்கிப் பார்த்து, "நேத்து வந்ததா?" என்றார். பிறகு சக்கரத்தை அப்படியே திருப்பித் தெருவில் விட்டார்.

"என்னங்க, எங்க போறீங்க? ஆரத்தி!"

"வந்து எடுத்துக்கிறேன். நீ கடையப் பாரு. நான் ஒரு நடை நடந்துட்டு வர்றேன் லா."

போயே விட்டார். கூட்டத்துக்குள் அவர் தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது, அப்புறம் காணோம். யாழினி பின்னால் போகக் காலெடுத்தாள், நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

ஹெங் அங்கிள் என் பக்கத்தில் வந்து நின்று, "எங்க போறாரு?" என்று மலாயில் கேட்டார்.

அந்த இரண்டு வருடத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாத ஒரு நிமிடம் கிடையாது. கட்டிலில் இருப்பார், இல்லையென்றால் டிவிக்கு எதிரே இருப்பார், அதுவும் இல்லையென்றால் குளியலறை வாசலில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"தெரியல அங்கிள்," என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "நெசமாவே எனக்குத் தெரியல."